காற்று காக்கும் ஏடுகள்: கயா மலையின் ஹெயின்சா மடாலயம்

தென் கொரியாவின் தெற்குக் கியொங்சாங், வடக்குக் கியொங்சாங் மாகாணங்களின் எல்லையில் எழும் பாறை மலை கயா. அதன் சிகரங்கள் ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரம் கொண்டவை. 1972-இல் இந்த வட்டாரம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மலையின் தென்மேற்குச் சரிவில், ஹாப்சொன் வட்டத்துக்குள், ஹெயின்சா என்னும் பௌத்த மடாலயம் இருக்கிறது. கொரிய பௌத்தத்தில் மும்மணிகளுக்கும் தனித்தனியே ஒரு மடாலயம் உண்டு. புத்தருக்கு தொங்தோசா, சங்கத்துக்கு சொங்குவாங்சா, தர்மத்துக்கு ஹெயின்சா. தர்மத்தின் இருப்பிடமாக இதைக் கருதுவதற்குக் காரணம் வெளிப்படையானது. 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட முழுத் திரிபிடகம் என்னும் பௌத்த மறைநூல் தொகுப்பு, 80,000-க்கும் மேற்பட்ட மரப்பலகைகளாக, அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்தப் பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும் கட்டடங்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களே. கொரியாவில் இவற்றைவிட அழகான கோயில்கள் பல உண்டு. ஆனால் தான் நிற்கும் மலையை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டு எழுந்த கட்டடத்தைக் காண்பது அரிது.

மடாலயத்துக்குச் செல்லும் வழி ஹொங்நியூதொங் பள்ளத்தாக்கின் ஓடையை ஒட்டிப் போகிறது. இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளின் சிவப்பு நீரில் விழுந்து ஓடையே சிவந்து ஓடுவதுபோலத் தெரிவதால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர். பெரும்பாறைகளுக்கு இடையே நீர் இரைந்து விழும் ஓரிடத்தில் நொங்சாஞ்ஜொங் என்ற சிறு மரமண்டபம் நிற்கிறது. சில்லா அரசின் கடைசிக் காலத்து அறிஞர் சொய் சிவொன் தனித்திருந்த இடம் என அது போற்றப்படுகிறது. இளவயதிலேயே சீனாவின் தாங் பேரரசுக்குச் சென்று, 874-இல் அங்கே அரசுத் தேர்வில் வென்று, 885-இல் நாடு திரும்பியவர் அவர். 894-இல் அரசிக்குச் சீர்திருத்த யோசனைகளை எழுதிக் கொடுத்தார். அவை நிறைவேறவில்லை. இறுதியில் குடும்பத்தோடு கயா மலைக்கு வந்துசேர்ந்தார். அவர் ஊன்றிய கைத்தடி முளைத்து மரமானது என்ற கதையோடு மடாலய வளாகத்தில் ஓர் ஊசியிலை மரம் நெடுங்காலம் நின்றது. அந்த மரபில் வந்ததாகக் கருதப்பட்ட, இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்த அம்மரம் 2019 செப்டம்பர் சூறாவளியில் முறிந்து விழுந்தது.

ஹெயின்சா 802-இல், சில்லாவின் ஏஜாங் அரசர் காலத்தில், சுன்னுங், இஜொங் என்ற இரு துறவிகளால் நிறுவப்பட்டது. அரசியின் தீராத நோயை அவர்கள் தீர்த்துவைத்ததற்கு நன்றியாக அரசர் கட்டுவித்தார் என்பது மரபுக் கதை. மடாலயம் சார்ந்திருந்தது அவதம்சக சூத்திரத்தை முதன்மையாகக் கொண்ட ஹ்வாயொம் நெறி. அலையடங்கிய கடலில் உலகம் முழுவதும் பதிந்து தெரிவதுபோல எல்லாம் தெளியும் தியானநிலையை அந்தச் சூத்திரம் பேசுகிறது. மடாலயத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆகவே இங்கே முதன்மை மண்டபத்தில் வீற்றிருப்பவர் சாக்கியமுனி அல்லர், ஒளிவடிவான வைரோசனர். தனியாக ஒரு மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும் இரு வைரோசனர் மரச்சிலைகளில் ஒன்றின் உட்புறத்தில் 883-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொரியாவில் எஞ்சியிருக்கும் மரப் புத்தர்களில் மிகப் பழமையானவை இவையே என அதன்பின் ஏற்கப்பட்டது.

தொடக்ககால ஹெயின்சாவின் கட்டடங்களில் எதுவும் இன்று இல்லை. மரக்கட்டடங்களின் விதி அது. அந்தக் காலத்தின் குரல் கல்லிலும் மண்ணிலும் எஞ்சியிருக்கிறது. வழியோரத்தில் நிற்கும் கில்சாங்தாப் என்ற மூன்றடுக்குக் கல்தூபி அளவில் சிறியது. எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியது. ஆனால் அதற்குள்ளிருந்து கிடைத்த சுட்டமண் பலகைகள் அந்தக் காலத்து அவலத்தை நேரடியாகப் பதிவுசெய்தவை. 895-இல் எழுதப்பட்ட அவற்றின் வாசகங்களில் ஒன்று சொய் சிவொன் இயற்றியது. சில்லா அரசு சிதைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் போரும் பஞ்சமும் நாட்டை அலைக்கழித்ததையும், கொள்ளைக்கூட்டங்களிடமிருந்து மடாலயத்தைக் காக்கப் போரிட்டுத் துறவிகளும் ஊர்மக்களும் மாண்டதையும் அவை சொல்கின்றன. மாண்டவர்களின் பெயர்ப்பட்டியலும் உண்டு. அரசர்களின் புகழைச் சொல்லாமல், இறந்த எளியவர்களின் பெயர்களைக் காத்துவைத்திருப்பதால், வளாகத்தின் பல பெரிய கட்டடங்களைவிட இச்சிறு தூபி வரலாற்றாசிரியனுக்கு மதிப்புமிக்கது.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஹுய்ராங். கொரியோ அரசை நிறுவிய வாங் கொனுக்குத் துணைநின்ற துறவி இவர். இவருடைய உருவச்சிலை, உயிரோடிருந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் செய்ததாகவே தோன்றும். 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிலையின் முன்பகுதி, துணியில் அரக்குமரச் சாற்றை அடுக்கடுக்காகப் பூசி உருவாக்கப்பட்டது. பின்பகுதி மரத்தால் ஆனது. கன்ன எலும்பு தெரியும் ஒடுங்கிய முகம், மெல்லிய விரல்கள், மார்பில் ஒரு சிறு துளை. மற்றத் துறவிகளின் தியானம் கலையாதிருக்கக் கொசுக்களுக்குத் தன் இரத்தத்தைத் தானமாகத் தந்ததன் அடையாளம் அந்தத் துளை என்பார்கள். 2020-இல் இச்சிலை தேசியச் செல்வமாக உயர்த்தப்பட்டது.

வளாகத்தின் அமைப்பு சரிவில் படிப்படியாக மேலேறுவது. முதலில் இல்ஜுமுன் எனும் வாயில். இதன் தூண்கள் ஒரே வரிசையில் நிற்கும். அடுத்து நான்கு திசைக்காவலர்களின் வாயில். பிற மடாலயங்களில் பெரும் சிலைகளாக நிற்கும் அந்தக் காவலர்கள் இங்கே ஓவியங்களாக இருக்கிறார்கள். மூன்றாவது வாயிலையும் கடந்து கூக்வாங்ரு மாடத்தின் அருகே ஏறினால் முற்றம், கல்தூபி, விளக்குத்தூண். அதற்கும் மேலே தேஜொக்குவாங்ஜொன் என்ற முதன்மை மண்டபம். 1817-இல் ஏற்பட்ட பெருந்தீக்குப் பின் மறுபடி கட்டப்பட்டது இது. வழக்கமான ஒரு கொரியக் கோயிலில் பயணம் இங்கே முடிந்துவிடும், புத்தரின் மண்டபத்துக்கு மேலே வேறெதுவும் இருக்காது. ஹெயின்சாவில் மண்டபத்தின் பின்னால் செங்குத்தான படிகள் இன்னும் மேலே போகின்றன. அங்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில், ஜாங்கியொங் பான்ஜொன் எனப்படும் ஏட்டுக் கூடங்கள் உள்ளன. வைரோசனர் தர்மத்தைத் தலையில் தாங்குகிறார் என்பது இந்த அமைப்புக்குச் சொல்லப்படும் சமய விளக்கம். உயரமான, காற்றோட்டமுள்ள, கீழே தீப்பிடித்தாலும் சற்று விலகியிருக்கும் இடம் என்பதால் கட்டடக்கலை நோக்கிலும் அது சரியான தேர்வு.

அங்கே இருப்பது என்ன என்பதை அறிய 11-ஆம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். கித்தான் படைகள் கொரியோவைத் தாக்கியபோது, 1011 முதல், புத்தரின் அருளால் பகை விலகவேண்டும் என்ற வேண்டுதலோடு முதல் திரிபிடகம் பலகைகளில் செதுக்கப்பட்டது. 1232-இல் மங்கோலியப் படையெடுப்பில் அது எரிந்து அழிந்தது. அந்த ஆண்டே அரசவை தலைநகரைவிட்டு கங்ஹ்வா தீவுக்குப் பெயர்ந்திருந்தது. நாட்டின் பெரும்பகுதி எதிரியின் குதிரைக்காலடியில் கிடக்க, தீவில் ஒதுங்கிய அரசு, அழிந்ததை மறுபடியும் முதலிலிருந்து செதுக்க முடிவுசெய்தது. கவிஞரும் அமைச்சருமான யி கியூபோ அதற்கான வேண்டுதல் வாசகத்தை எழுதினார். 1236-இல் தொடங்கிய வேலை 1251-இல் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. போருக்கு நடுவே செய்யப்பட்ட இந்தப் பணியைப் பக்தி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. சிதறிப்போன மக்களை ஒரே வேலையில் இணைத்து, ஆட்சி இன்னும் நிலைத்திருக்கிறது என்று காட்டும் அரசியல் செயலாகவும் அது இருந்தது. படையெடுப்பு அதனால் நிற்கவில்லை. கொரியோ பின்னர் மங்கோலியருக்குப் பணிந்தது. ஆனால் பலகைகள் தப்பின.

அவற்றின் எண்ணிக்கை 81,258. இரு பக்கமும் செதுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் 23 வரிகள், வரிக்கு 14 எழுத்துகள். ஆக மொத்தம் 5 கோடிக்கு மேற்பட்ட சீன எழுத்துகள். ஒரு பலகை ஏறத்தாழ 70 செ.மீ. நீளம், 24 செ.மீ. உயரம், 3 முதல் 4 கிலோ எடை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பலகைக்கு 4 செ.மீ. என்று கொண்டாலும், 3 கிலோமீட்டரைத் தாண்டும். கயா மலையின் உயரத்தைப்போல் இருமடங்குக்கும் அதிகம்.

இந்தப் பெருக்கத்தைவிட வியப்பளிப்பது அதன் ஒழுங்கு. சூத்திர வாசகத்தை முதலில் மெல்லிய தாளில் தூரிகையால் எழுதி, தாளை எழுத்துப் பக்கம் பலகையைத் தொடும்படி கவிழ்த்து ஒட்டி, எழுத்துகள் புடைத்து நிற்கும்படி சுற்றிலும் செதுக்குவார்கள். எத்தனையோ கைகள் பல ஆண்டுகள் செதுக்கியவை என்றாலும் எழுத்தின் வடிவம் ஒருவரே எழுதியதுபோல் ஒத்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்தைச் செதுக்கியதும் கைவினைஞர் வணங்கினார் என்று மரபு சொல்லும். பாடத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு துறவி சூகியிடம் இருந்தது. அவர் சீனத்துச் சொங் பதிப்பையும் கித்தான் பதிப்பையும் கொரியோவின் முதல் பதிப்பையும் ஒப்புநோக்கி, எங்கே எந்தப் பாடத்தை ஏன் ஏற்றார் என்று 30 பகுதிகள் கொண்ட திருத்தக் குறிப்பையும் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பும் திரிபிடகத்தோடு சேர்த்தே செதுக்கப்பட்டது. பதிப்பாசிரியன் தன் முடிவுகளுக்குக் காரணம் சொல்லவேண்டும் என்ற நெறி 13-ஆம் நூற்றாண்டில் இவ்வளவு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. மூலமான சொங், கித்தான் பதிப்புகளில் பெரும்பகுதி இன்று இல்லை. 1924 முதல் 1934 வரை தோக்கியோவில் அச்சாகி, உலகெங்கும் பௌத்த ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் தைஷோ திரிபிடகம் இந்தக் கொரியப் பாடத்தையே அடிப்படையாகக் கொண்டது.

பலகைகள் பிர்ச் மரத்தால் ஆனவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நுண்ணோக்கியில் மரத்துகள்களை ஆராய்ந்தபோது பெரும்பங்கு காட்டுச் செர்ரி என்றும், அடுத்த நிலையில் காட்டுப் பேரி என்றும் தெரியவந்தது. இந்த மரங்களில் நுண்துளைகள் சீராகப் பரவியிருக்கும். செதுக்கும் உளிக்கு இடம்கொடுக்கும், அச்சடிக்கும்போது நசுங்காத உறுதியும் இருக்கும். இவை கொரியாவின் தென்பகுதிக் காடுகளில் நன்றாக வளர்பவை. கங்ஹ்வாவோடு, தெற்கே நம்ஹே தீவிலும் செதுக்கும் கிளை அலுவலகம் இயங்கிய செய்தியோடு இது பொருந்துகிறது. வெட்டிய மரத்தை நீண்டகாலம் கடல்நீரில் ஊறவைத்து, உப்புநீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே செதுக்கியதாகச் சொல்வார்கள். பலகை வளையாதிருக்க இரு முனைகளிலும் தடித்த கட்டைகள் பொருத்தி, மூலைகளில் செப்புத் தகடு அடித்தார்கள். பல பலகைகளுக்கு அரக்கும் பூசினார்கள். முனைக்கட்டை பலகையைவிடத் தடித்தது என்ற இந்தச் சிறு செய்தியை நினைவில் வைக்கவேண்டும். கட்டடத்தின் சூட்சுமம் அதோடு இணைந்தது.

பலகைகள் முதலில் கங்ஹ்வாவிலேயே இருந்தன. 1398-இல், சோசொன் அரசு நிறுவப்பட்ட சில ஆண்டுகளில், தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து ஹெயின்சாவுக்கு மாற்றப்பட்டன. கடற்கரைத் தீவு கடற்கொள்ளையருக்கு எளிய இலக்காகிவிட்டது. உள்நாட்டு மலை பாதுகாப்பானது. சுமார் 280 டன் எடையுள்ள அச்சுப்பலகைகள் எப்படி இவ்வளவு தூரம் வந்தன என்பது பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கடல்வழி, ஆற்றுவழி, தரைவழி என்று பல கருத்துகள் உண்டு. பக்தர்கள் பலகைகளைத் தலையில் சுமந்து சுற்றிவரும் ஆண்டுவிழா அந்தப் பயணத்தை நினைவூட்டுகிறது.

சோசொன் அரசு கன்பூசிய நெறியைக் கொண்டது, பௌத்தத்தை ஒடுக்கியது. ஆயினும் பலகைகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பானிய ஆட்சியாளர்கள் திரிபிடக அச்சுப்படிகளை மீண்டும் மீண்டும் கேட்டுப் பெற்றார்கள். செஜொங் அரசர் காலத்தில் பலகைகளையே கேட்டார்கள். அது மறுக்கப்பட்டது. 1457-இல் செஜோ அரசர் கூடங்களை விரிவாக்கச் சொல்லி, 50 முழுப் படிகளை அச்சிடவும் ஆணையிட்டார். இப்போதுள்ள கூடங்கள் 1488-இல் அரச குடும்பத்துப் பெண்களின் ஆதரவில் புதுப்பித்துக் கட்டப்பட்டவை. 1622-இலும் 1624-இலும் பழுதுபார்க்கப்பட்டன.

கூடங்கள் நான்கு. நீள்சதுர முற்றத்தின் தெற்கே சுதராஜாங், வடக்கே பொப்போஜொன் என இரு நீண்ட கட்டடங்கள், கிழக்கிலும் மேற்கிலும் இரு சிறியவை. திரிபிடகம் நீண்ட கூடங்களில் இருக்கிறது. சிறியவற்றில் மடாலயமே தனியாகச் செதுக்குவித்த பிற பலகைகள் உள்ளன. அவற்றுள் 1098-ஆம் ஆண்டைச் சேர்ந்தவையும் உண்டு. ஒவ்வொரு நீண்ட கூடமும் சுமார் 60 மீட்டர் நீளம், 9 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். நீளவாக்கில் 15 அங்கணம், அகலவாக்கில் 2. ஆகவே கூடத்துக்கு 48 தூண்கள். சிறிய கூடங்கள் இரண்டுக்கு ஒன்று என்ற அங்கணக் கணக்கில் 6 தூண்கள் வீதம். மொத்தம் 108. பௌத்தர்கள் எண்ணும் 108 மனமாசுகளின் எண்ணிக்கை இது. வேண்டுமென்றே அமைத்தார்களா, கணக்கு தானாக அமைந்ததா என்பதற்கு எழுத்துச் சான்று கிடைக்காவிட்டாலும் எண் சரியாகவே வருகிறது.

வெளித்தோற்றத்தில் இவை மிக எளியவை. கோயில் மண்டபங்களின் பச்சையும் சிவப்புமான வண்ணப்பூச்சு இல்லை. அடுக்கடுக்காக விரியும் தாங்குகட்டைகள் இல்லை. உள்ளே மேல்தளப் பலகையும் இல்லை, கூரைச்சட்டங்கள் அப்படியே தெரியும். பொருளைச் சேமிக்கும் கிடங்குக்குத் தேவையானதற்கு மேல் எதையும் தச்சர்கள் சேர்க்கவில்லை. இந்த அடக்கத்தை ஏழ்மை என்று எண்ணிவிடக்கூடாது. அரச குடும்பம் ஆதரித்த பணியில் வண்ணத்துக்கும் செதுக்குவேலைக்கும் பொருள் இல்லாமல் போயிருக்காது. எல்லா அறிவையும் ஒரே கேள்வியில் குவித்திருக்கிறார்கள்: காற்று எப்படி வந்து எப்படிப் போகவேண்டும்?

கொரியாவின் கோடை மழையும் புழுக்கமும் நிறைந்தது, குளிர்காலம் உலர்ந்து உறைவது. இந்த ஏற்றத்தாழ்வு மரத்துக்குப் பெரும்பகை. ஈரத்தில் பூஞ்சை படரும், பூச்சி அரிக்கும். உலர்ந்தால் வெடிக்கும், வளையும். கூடங்களின் சுவர்களில் மேலும் கீழுமாக இரு வரிசைச் சாளரங்கள் உள்ளன. அவற்றில் தாளோ கதவோ இல்லை, செங்குத்து மரச்சட்டங்கள் மட்டுமே. முன்சுவரில் கீழ்ச்சாளரம் பெரியது, மேற்சாளரம் சிறியது. பின்சுவரில் அது மாறி, மேற்சாளரம் பெரியது, கீழ்ச்சாளரம் சிறியது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று முன்பக்கத்தின் பெரிய கீழ்ச்சாளரங்கள் வழியே நிறைய நுழைகிறது. பின்பக்கக் கீழ்வழி குறுகியதால் உடனே வெளியேற முடியாமல் மேலெழுந்து, கூடம் முழுவதும் சுழன்று, பிறகு பின்சுவரின் பெரிய மேற்சாளரங்கள் வழியே போகிறது. தரையில் கரி, சுண்ணாம்பு, உப்பு, களிமண் கலந்து இட்டிருக்கிறார்கள். ஈரமான நாளில் அது ஈரத்தை உறிஞ்சும், உலர்ந்த நாளில் திருப்பித் தரும்.

அலமாரிகளில் பலகைகள் நூலகத்துப் புத்தகங்களைப்போல நெட்டுக்குத்தாக நிற்கின்றன. முனைக்கட்டைகள் தடித்தவை என்பதால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடுக்குகள் ஒவ்வொன்றும் மெல்லிய புகைபோக்கியாக வேலைசெய்து காற்றை மேலே இழுக்கிறது. அச்சுக்கு வசதியாகவும் வளைவைத் தடுக்கவும் பொருத்திய கட்டை, கட்டடத்தின் மூச்சுக்கும் வழிசெய்கிறது. பலகையைச் செதுக்கியவர்களுக்கும் கூடத்தைக் கட்டியவர்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆனாலும் பின்னவர்கள் முன்னவர்களின் வேலையை நுணுகிப் பார்த்தே தங்கள் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு சோதனையும் நடந்தது. 1970-களில், தீயிலிருந்தும் போரிலிருந்தும் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அரசு அருகிலேயே கான்கிரீட்டால் நவீனப் பாதுகாப்பகம் ஒன்றைக் கட்டியது. சில பலகைகளை மட்டும் முன்னோட்டமாக அங்கே வைத்துப் பார்த்தார்கள். ஈரம் படிந்து, பலகைகள் பாதிப்பைக் காட்டத் தொடங்கின. திட்டம் கைவிடப்பட்டது. பலகைகள் பழைய கூடத்துக்குத் திரும்பின. அந்தக் கட்டடம் பின்னர் தியானக் கூடமாகியது.

காற்றால் காக்கமுடியாத ஆபத்துகளும் உண்டு. மடாலயம் பலமுறை எரிந்திருக்கிறது. 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் நாட்டின் கோயில்கள் பல சாம்பலாயின. கியொங்ஜுவின் புகழ்பெற்ற புல்குக்சா 1593-இல் எரிந்தது. ஹெயின்சா தப்பியது. அந்தப் போரில் துறவிப்படையை நடத்தியவர் சாம்யொங்தாங். பின்னர் சமாதானப் பேச்சுக்காக ஜப்பான் சென்று, சிறைபிடிக்கப்பட்ட கொரியர்களை ஆயிரக்கணக்கில் மீட்டுவந்தார். 1610-இல் அவர் காலமான இடம் ஹெயின்சாவின் ஹொங்ஜேஅம் துறவகம். அங்கே 1612-இல் நிறுவப்பட்ட நினைவுக்கல்லின் வாசகத்தை எழுத்தாளர் ஹோ கியூன் இயற்றினார். கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1943-இல், ஹாப்சொன் காவல்துறைத் தலைவராயிருந்த ஜப்பானியர் அந்தக் கல்லைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து நான்கு துண்டாக்கினார். 1958-இல் துண்டுகள் ஒட்டப்பட்டன. சிலுவை வடிவில் ஓடும் வெடிப்புத் தழும்பு மறைக்கப்படாமல் இன்றும் தெரிகிறது. மூன்று நூற்றாண்டு கழிந்த பிறகும் ஒரு நினைவுக்கல்லை ஆட்சியாளர் அஞ்சினார் என்பதற்கு அந்தத் தழும்பைவிடச் சான்று வேண்டாம்.

மிக நெருங்கி வந்த ஆபத்து 1951-இல். கொரியப் போரில் பின்வாங்கும் வழி அடைபட்ட வடகொரியப் படையினர் கயா மலைப்பகுதியில் ஒளிந்திருந்தார்கள். அவர்களைத் தாக்க ஹெயின்சா வட்டாரத்தில் குண்டுவீசும்படி ஆணை வந்தது. விமானக்குழுவின் தலைவர் கிம் யொங்-ஹ்வான் மடாலயத்தின் மீது குண்டுவீச மறுத்து, தன் குழுவினரையும் தடுத்துவிட்டார். போர்க்காலத்தில் ஆணையை மீறுவது உயிருக்கே ஆபத்தான செயல். அவர் 1954-இல் விமான விபத்தில் மறைந்தார். மடாலய வாயிலருகே பின்னர் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2010-இல் பண்பாட்டுப் பணிக்கான உயரிய அரசு விருது அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

ஏட்டுக் கூடங்கள் 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், பலகைகள் 2007-இல் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. முழுப் பாடத்தையும் கணினியில் ஏற்றும் பணி 1990-களில் ஹெயின்சாவின் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கி 2000-இல் நிறைவுபெற்றது. பாடம் இப்போது எங்கும் கிடைப்பதால் பலகைகளைத் தொட்டு அச்சிட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. வருவோர் பெரும்பாலும் சாளரச் சட்டங்களுக்கு வெளியே நின்றே அலமாரிகளைப் பார்க்கிறார்கள். 2021 முதல், முன்பதிவு செய்த சிறு குழுக்களை வாரயிறுதிகளில் உள்ளே அழைத்துச் செல்லும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. கூடங்களைச் சுற்றிலும் தீத்தடுப்பு வசதிகளும் கண்காணிப்புக் கருவிகளும் உள்ளன. உள்ளே வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் இயந்திரம் மட்டும் இல்லை. அந்த வேலை இன்றும் பள்ளத்தாக்கின் காற்றுக்கும், 15-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் அளந்துவைத்த சாளரங்களுக்கும் உரியது.